பூட்டில்லாத சாவி

கவிழ்த்துப்போட்ட பீங்கான் சாசரின் அடியில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறதல்லவா, அந்த வட்டத்துக்குள்தான் புஷ்பவள்ளி தினமும் சாயங்காலம் மாத்திரையை வைத்து வெட்டுவாள். புருஷனுடைய சவர பிளேடில் பாதி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்து, இரண்டு துண்டு. ஒரு துண்டை மறுபடியும் ஓர் அழுத்து. பொடி சிந்தக் கூடாது. பகலெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கடுகளவுச் சில்லுகளில் ஒட்டுகிற கை அது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு ஒட்டினாலும் அசையாத கை. மாத்திரையை வெட்டும்போது மட்டும் பிளேடை வைத்து எடுத்து, வைத்து எடுத்து அளக்கும்.

"இன்னிக்கும் காலா?" என்று அர்ஜுனன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"கால்தான். இன்னும் பதினோரு நாளு. அப்புறம் அதுவும் கிடையாது."

"சீக்கிரம் முடி லா. உள்ள பிளேடெல்லாம் நீயே எடுத்துக்கிட்ட. தைப்பூசத்துக்கு இன்னும் எவ்வளவோ மாசம் கெடக்கு, இப்பவே விரதத் தாடியா டிரைவர்னு பஸ்ல பொண்ணுங்க கேக்குதுங்க."

அவள் சிரித்தாள். கால் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தொண்டையில் கை வைத்தபடி நின்றாள்.

பதினாறு வருட மாத்திரை. பதினோரு வயதில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது முதல் வலிப்பு. அதற்கு முன்னால் கருகிய பால் வாசம் ஒன்று மூக்கில் ஏறியது. வேறு யாருக்கும் வராத வாசம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே வாசம்தான் முதலில் வரும். இரண்டு மூச்சு விடுவதற்குள் தரை எழும்பி வந்து தலையில் இடிக்கும். அவளுடைய அம்மா பழைய இரும்புச் சாவி ஒன்றைக் கையில் திணிப்பாள். விரல் நீளச் சாவி. பூட்டு எப்போதோ தொலைந்துபோய்விட்டது. ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் பிறகு வந்தன. ஆனாலும் சாவி தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

கடைசி வலிப்பு வந்தது ஆறரை வருடத்துக்கு முன்னால், தொழிற்சாலை பஸ்ஸில். பொண்ணுகளெல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள். டிரைவர்தான் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்து தலையைத் தாங்கிக்கொண்டான். அந்த டிரைவர்தான் அர்ஜுனன். எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டவன். கல்யாணத்தன்று அம்மா அந்தச் சாவியை மகளிடம் கொடுக்கவில்லை, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். "இனிமே உங்க பொறுப்புங்க" என்றாள். அவன் அதைத் தன் பஸ் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டான். நடந்தால் தொடையில் மணிபோல் அடிக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா சற்குணம் அந்தச் சாவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் மட்டும் தாய் தகப்பனின் ஊர் இருந்தது.

"சாவியால ஒண்டும் ஆகாது தம்பி. வந்தா ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வையுங்கோ, கழுத்துப் பொத்தானைக் கழட்டுங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ. வாய்க்குள்ள ஒண்டும் திணிக்காதேங்கோ." பிறகு புஷ்பவள்ளியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை வேணும் எண்டுறீங்கள். மாத்திரையோடயும் எத்தனையோ பேர் பெத்திருக்கினம். ஆனா உங்களுக்கு ஆறு வருஷமா ஒண்டும் வரேல்லை. இது இல்லாமலே ஏலுமோ எண்டு பாப்பம். மெல்ல மெல்லக் குறைப்பம். நீங்களா ஒருநாளும் நிப்பாட்டக் கூடாது. நித்திரை முழிக்கக் கூடாது, பகல் ஷிப்டுக்குக் கடிதம் தாறன்."

"நடுவுல ஒண்ணு வந்துட்டா, டாக்டர்?"

"வந்தா பழைய அளவுக்கே திரும்ப வேணும். பிள்ளைக் கதையை அப்ப திரும்ப இருந்து பேசுவம்."

அந்த 'வந்தா' என்ற சொல் அவளோடு வீட்டுக்கு வந்தது. அவளோடு சாப்பிட்டது, அவளோடு படுத்தது. முழு மாத்திரை முக்கால் ஆனது, முக்கால் பாதியானது. டியூப் லைட் சிமிட்டினால் ஓடிப்போய் அணைத்துவிடுவாள். தூக்கத்தில் கால் தானாக உதறினால் விழித்துக்கொண்டு, இது அதுவா, இல்லை எல்லாருக்கும் உதறுகிற உதறலா என்று யோசிப்பாள். ஒருநாள் பக்கத்து ஃபிளாட்டில் யாரோ எதையோ தீய விட்டார்கள். இவள் அவசர அவசரமாகத் தரையில் படுத்துவிட்டாள். அர்ஜுனன் வந்து பார்த்துவிட்டு, "அது மீன் லா. உன் வாசம் பால்தானே?" என்றான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

இதில் மாமியார் மீனாட்சியின் கதை தனி. தாசேக் கெலுகோரில் மூத்த மகனோடு இருக்கிறவள், மாதம் ஒருமுறை ஃபெரி ஏறி வருவாள். கல்யாணமான மறுமாதமே மருமகள் சாயங்காலம் தவறாமல் மாத்திரை போடுவதைக் கண்டுவிட்டாள். கிலாங் என்கிற தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பொண்ணுகள் பிள்ளை வேண்டாமென்று மாத்திரை போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதுதான் இது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. வரும்போதெல்லாம் அலமாரியில் இருக்கிற மாத்திரைப் புட்டியை ஒரு பார்வை பார்ப்பாள்.

"நாலு வருஷம் ஆச்சு. கம்பி ஒட்டுறாளாம் கம்பி. அதையே ஒட்டிக்கிட்டு இருக்கட்டும்" என்பாள், சுவரைப் பார்த்து.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அர்ஜுனன் பலதடவை வாயெடுத்தான். புஷ்பவள்ளிதான் தடுத்தாள். வலிப்புக்காரி என்ற பேருக்கு, பிள்ளை வேண்டாமென்கிறவள் என்ற பேர் எவ்வளவோ மேல் என்று அவளுக்குப் பட்டது. சின்ன வயதிலிருந்து அந்தப் பேரோடு வளர்ந்தவளுக்குத்தானே அதன் எடை தெரியும்.

பதினோரு நாள் பாக்கி என்று சொன்னதற்கு மறுநாள் மத்தியானம், மூன்று மணித் தேநீர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தொழிற்சாலையில் அது நடந்தது.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அப்படி நடப்பதுண்டு. ஒரு பெண் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அலறுவாள். பக்கத்தில் இருப்பவள் அலறுவாள். பிறகு வரிசை வரிசையாக. அது நிலத்துப் பேயா, களைப்பா, வீட்டு நினைப்பா என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். அன்றைக்கு மூன்றாம் வரிசையில் தொடங்கி, புஷ்பவள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ரொஸ்னாவுக்கு வந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, கெடா மாநிலத்திலிருந்து வந்தது. நாற்காலியோடு சாய்ந்து விறைத்துக்கொண்டு உதறியது.

எல்லாரும் ஓடினார்கள். புஷ்பவள்ளியின் கால்கள் ஓடவில்லை. ஓடினால் தானும் விழுந்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. ரொஸ்னாவை ஒரு பக்கமாகச் சரித்தாள், தலைத்துண்டைத் தளர்த்தினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் இதை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. இப்படித்தானா நான் இருந்திருப்பேன், இவ்வளவு சின்னதாகவா என்று நினைத்தாள். சூப்பர்வைசர் கத்த, இரண்டு பேர் சேர்ந்து ரொஸ்னாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கான்டீன் ஓரத்து நடைபாதையில் கிடத்தினார்கள். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

கருகிய பால்.

சந்தேகமே இல்லை. ஆறரை வருடமாக வராத வாசம் மூக்கில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. கால் மாத்திரை, பத்து நாள் பாக்கி. எல்லாம் போயிற்று. டாக்டரம்மாவின் நாற்காலி, பழைய அளவு, 'திரும்ப இருந்து பேசுவம்'. தான் விழுந்தால் மடியில் இருக்கிற தலை இடிபடக் கூடாதே என்று ரொஸ்னாவின் கன்னத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. தரை எழும்பவில்லை. மூன்று. நான்கு. வாசம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

மடியில் ஏதோ அசைந்தது. ரொஸ்னா கண்ணைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, மலாயில் அக்கா என்று கூப்பிட்டு மெல்லக் கேட்டாள்.

"காக் புஷ்பா... என்ன கருகுது? நாத்தம் தாங்கல."

புஷ்பவள்ளி அவளையே பார்த்தாள். "உனக்கும் வருதா?"

"ஏன், உங்களுக்கு வரலையா?"

கான்டீன் பக்கமிருந்து, அங்கே தேநீர் போடுகிற நாகூர் மீரானின் கூப்பாடு கேட்டது. "யா அல்லா! பாலு! நாலு லிட்டர் பாலு!" அலறல் கேட்டு உதவிக்கு ஓடிவந்த மனுஷன் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டார். இப்போது கரியேறிய சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு நின்றார். "பேயிக்கு என் பாலா கெடச்சுச்சு? இத இனி எவன் சொரண்டறது?"

அந்தச் சட்டியைப் பார்த்த மாத்திரத்தில் புஷ்பவள்ளி ரொஸ்னாவின் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்த கையை எடுத்தாள். சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அதைப் பார்த்து சூப்பர்வைசர், இவளுக்கும் பிடித்துக்கொண்டது என்று இரண்டடி பின்வாங்கினாள்.

அதே நேரம் தொடையில் மணியடிக்க ஒருவன் ஓடிவந்தான். கேட் காவலர் கமாலுதீன், "உன் வீட்டுக்காரி செக்ஷன் பூரா விழுந்துருச்சு" என்று சொல்லியிருக்கிறார். அர்ஜுனன் பஸ்ஸை நடுவழியில் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறான். டாக்டர் சொன்னது ஒன்றும் நினைவில் இல்லை. மண்டியிட்டு, வளையத்தோடு அந்த இரும்புச் சாவியை அவள் கையில் திணித்து விரல்களை மூடினான்.

"புஷ்பா! புஷ்பா, இங்க பாரு!"

"எனக்கு ஒண்ணுமில்லங்க."

"பொய் சொல்லாத. கண்ணெல்லாம் தண்ணி."

"ஒண்ணுமில்லங்க. பால் தீஞ்சிருச்சு. நெசமான பாலு. எல்லாருக்கும் நாறுது."

அவன் காற்றை முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே அவன் பஸ்ஸுக்குப் பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

"போய் எடுங்க" என்றாள். சாவி வளையத்தை அவனிடம் நீட்டுமுன், தங்கக் கம்பி ஒட்டுகிற விரலால் இரும்புச் சாவியை மட்டும் பிரித்தெடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மிச்சமிருந்த பத்து நாளும் கழிந்தன. மாத்திரை இல்லாமல் ஒரு மாதம், பிறகு மூன்று மாதம். டாக்டர் சற்குணம் அட்டையில் ஏதோ எழுதி, "நல்லது பிள்ளை. இனி உங்கட பாடு" என்று சிரித்தார். அர்ஜுனன் முகம் வழித்துப் பளபளப்பாகப் பஸ் ஓட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வந்தாள். வந்ததும் கண் அலமாரிக்குப் போனது. புட்டி இல்லை. தூசி படியாத ஒரு வட்டம்தான் இருந்தது. அவள் திரும்பி மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பதான் ரெண்டு பேருக்கும் புத்தி வந்துருக்கு" என்றாள்.

"ஆமாங்க அத்த" என்றாள் புஷ்பவள்ளி. அர்ஜுனன் பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

அடுப்பில் பால் இருந்தது. மீனாட்சி பாலில் கலக்கப் புது மைலோ டின்னை எடுத்துவைத்து, மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. புஷ்பவள்ளி ஜன்னல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, நுனியை மூடிக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள்.

"எந்தப் பூட்டுச் சாவிடி இது, இம்மாம் பெருசு?"

"பூட்டு இல்லங்க அத்த. டின் தொறக்கத்தான்."

மூடி டப்பென்று எழும்பியது. அவள் மணிக்கட்டில் பழுப்புத் தூள் படிந்தது. அடுப்பில் பால் நுரைத்து விளிம்புவரை ஏறியது. அவள் உடனே அணைக்கவில்லை. குனிந்து, கண்ணை மூடி, அந்த ஆவியை ஒரு மூச்சு இழுத்தாள்.