குஞ்ஞவரா வெட்டிய வாழைத்தண்டு

ஏலிக்குட்டி அந்த வாழைத்தண்டைக் காலால் எத்திவிட்டாள். அது அடுக்களைத் தரையில் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

"சேச்சி, காலால எத்தாதீங்க. சாப்பிடுற பொருளு," என்றாள் பக்கத்து வீட்டு ஓமனா.

"சாப்பிடுற பொருளா? ஆளைத் தின்ன பொருளுடி அது."

நேற்று சாயங்காலம் கொட்டுகிற மழையில் அவள் புருஷன் குஞ்ஞவரா வரப்பு மேட்டுக்குப் போய் வெட்டிய தண்டு. வெட்டி, பட்டைகளை உரித்துப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஓமனாவின் புருஷன் சதானந்தன் தன் தோணியில் ஆளைத் தூக்கிவந்தபோது தண்டையும் மறக்காமல் கொண்டுவந்து அடுக்களையில் வைத்திருந்தான். அவ்வளவு பொறுப்பான மனுஷன்.

"பயறு இருக்கு, அப்பளம் இருக்கு, ராத்திரிக்கு அது போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாரா?"

கேட்கமாட்டார். வெள்ளம் ஏறும் மாதங்களில் குஞ்ஞவராவின் குடும்பத்துக்கு ஒரு வழக்கம். அடுக்களைக்குள் நுழைகிறவர் யாரானாலும் வெறுங்கையோடு வரக்கூடாது. ஒரு பப்பாளிக்காயோ, நாலு பலாக்கொட்டையோ, ஒரு கொத்து முருங்கையோ, கிடைத்ததைக் கொண்டுவர வேண்டும். அன்றைக்குச் சட்டியில் என்ன சேருகிறதோ அதுதான் கறி. மாமியார் வைத்த சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏலிக்குட்டிக்கு அது வயிற்றெரிச்சல். அவள் பிறந்த வீட்டில் உப்பு ஒரு கல் கூடினால் அப்பன் தட்டை வீசுவார். அளவுக் கரண்டி இல்லாமல் அவள் எதையும் அடுப்பில் ஏற்றியதில்லை. குஞ்ஞவராவோ கொதிக்கிற சட்டிமேல் குனிந்து முகர்ந்து, "உப்பு பத்தாது ஏலி," என்பார். "உப்புக்கு ஏது மணம்?" என்பாள் அவள். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஒரே சண்டை.

குஞ்ஞவராவின் அண்ணன் பைலி அடுக்களைக்குள் வந்தார்.

"ஏலி, சாப்பாட்டுக்குச் சொன்ன ஆளு படகு வராதுங்கிறான். ஆத்துல இழுப்பு ஜாஸ்தி. அடக்கம் முடிஞ்சதும் மாதா கோயில் ஹாலுல ஆளுக்கொரு பன்னும் கட்டங்காப்பியும் குடுத்து அனுப்பிடலாம்."

"பன்னா?"

"வேற வழி?"

"அடக்கத்துக்கு வந்தவங்க இந்த வீட்டுக் கஞ்சி குடிக்காமப் போறதுக்கு அவரு என்ன அநாதைப் பொணமா?"

"சாவு வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாது. அக்கம்பக்கத்துலதான் ஆக்கணும். அவங்க அடுப்பெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கு."

"என் அடுப்பு மேடையில காய்ஞ்சு கெடக்கு. நான் மூட்டுறேன்."

"சரி, மூட்டு. அடக்கம் முடியுற வரைக்கும் உனக்கு நோன்பு. நாக்குல ஒரு பருக்கை படக்கூடாது. ருசி பாக்காம எழுபது பேருக்கு நீ ஆக்குவியா? கரண்டி காணாமப் போனா ஏலி பட்டினி கெடப்பான்னு அவனே சொல்லிச் சிரிப்பான்."

அந்தச் சிரிப்பு அவளுக்கும் தெரியும். அதுதான் சுருக்கென்றது.

"நீங்க வெறுங்கையோடதானே வந்து நிக்கிறீங்க? உங்கம்மா சட்டம் மறந்துபோச்சா? வெளிய போங்க, சேட்டா."

பைலி முகம் சுருங்கிப் போய்விட்டார். ஓமனா தரையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தான் வெறுத்த சட்டம் தன் வாயிலிருந்தே வந்ததில் ஏலிக்குட்டிக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

அரிசி இருந்தது. பயறுதான் இரண்டு படிகூடத் தேறவில்லை. ஒரு கரண்டி உப்பு இரண்டு பேருக்கு என்றால் எழுபது பேருக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் கரண்டியை மூலையில் வீசினாள்.

இழவுக்கு வந்த தோணிகளில் சதானந்தன் போய், வெறுங்கையோடு வரவேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பச்சைப் பப்பாளி வந்தது. ஒரு பை பயறு, நனைந்த காகிதத்தில் பலாக்கொட்டை. அப்போதும் பற்றவில்லை. கடைசியில் அவள் கண் சுவரோரம் போயிற்று.

தண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பழி தீர்ப்பதுபோல் வில்லை வில்லையாக அரிந்தாள். ஒவ்வொரு வில்லைக்கும் நார் இழுபட்டு வர, அதை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனாள்.

"சாகுறதுக்குன்னே போனீங்க. ஒரு குடை எடுக்க முடியல. கறி வேணுமாம், கறி."

பக்கத்து அறையில் உடலைச் சுற்றி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அவள் தாழ்த்தவில்லை.

இடுப்புவரை நனைந்து பைலி திரும்பி வந்தார். கையில் மூன்று தேங்காய். படிக்கு வெளியிலேயே நின்றார்.

"வரலாமா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உட்கார்ந்து துருவுங்க."

வார்ப்பு என்கிற பெரிய உருளியில் எல்லாம் வெந்து வந்தபோது ஓமனா கிட்டே வந்தாள். "நான் ஒரு வாய் பார்த்துச் சொல்லட்டா சேச்சி? எனக்கு நோன்பு இல்லையே."

"வேண்டாம்."

ஏலிக்குட்டி குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. தண்டு மணத்தது, தேங்காய் மணத்தது, மஞ்சள் மணத்தது.

"உப்புக்கு ஒரு மணமும் இல்ல. பொய்யி. இருபத்தெட்டு வருஷமும் பொய்யி."

ஆனாலும் அவள் நிமிரவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு ஜாடிக்குள் கையை விட்டு அள்ளிப் போட்டாள். கிளறினாள். மறுபடி குனிந்தாள். இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

இரண்டு மணிக்கு மேட்டுக் கோயிலுக்குத் தோணிகள் புறப்பட்டன. குழிக்குள் பெட்டி இறங்கியபோது எல்லாரும் சாம்பிராணிபோல் மணக்கும் குந்திரிக்கத்தை அதன்மேல் தூவினார்கள். அவளும் தூவினாள். அழவில்லை. இழவுக்கு வந்த பெண்கள் அதைக் கவனித்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் பந்தி. முதலில் வீட்டார். பைலி பலாவிலையைக் கரண்டிபோல் கோட்டிக் கஞ்சியை அள்ளினார். பயற்றை ஒரு வாய் போட்டார். ஏலிக்குட்டி வார்ப்புக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள்.

"உப்பு எப்படி?"

"கொஞ்சம் தூக்கல்தான்," என்றார் அவர், தலை தூக்காமல்.

ஏலிக்குட்டியின் தோள்கள் தாமாகக் குறுகின.

பைலி தட்டை நீட்டினார். "தண்டு விழுற மாதிரி இன்னும் கொஞ்சம் போடு."

போட்டாள். பிறகு தானும் உட்கார்ந்து ஒரு பலாவிலையை எடுத்தாள். மடிக்க விரல் வளையவில்லை. காலையில் சுற்றிய நார் காய்ந்து விரலை இறுக்கியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு குந்திரிக்கத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதை அவுத்து விடட்டா சேச்சி?" என்றாள் ஓமனா.

"இருக்கட்டும். கஞ்சி ஆறுது, நீ உட்காரு."

மற்ற விரல்களால் இலையை எப்படியோ கோட்டிக்கொண்டு, ஏலிக்குட்டி முதல் வாய் அள்ளினாள்.