ஒரு பண்ணைக்கு ஒரு நீமையர்

"பாப்பா, இப்ப இந்தப் பண்ணைல நீமையர் யாரு?"

நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் மணியக்காரர் குதிரையிலிருந்து இறங்காமலே என்னிடம் கேட்டார். வெளியாட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதும் அதனால்தான். அம்மா ஓடி வந்தாள்.

"என் மகன் வந்துருவான், ஐயா."

"பிரெஞ்சுப் படையோட ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போனவன் எவம்மா திரும்பி வந்திருக்கான்? புருஷனும் செத்துட்டான் உனக்கு. அறுவடைக்குள்ள ஒரு ஆம்பளையக் காட்டு. இல்லன்னா பண்ணையை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

எங்கள் பேரைப் பாதிரியார் ஒரு மாதிரி எழுதுவார், பிரெஞ்சுப் படையின் எழுத்தர் வேறு மாதிரி எழுதினார். தெற்கே நொய்மையர் என்பார்களாம். எப்படி எழுதினாலும் எங்கள் பக்கத்தில் பேர் நிலத்துக்குச் சொந்தம்; பண்ணையை யார் நடத்துகிறாரோ அவருக்குத்தான் அந்தப் பேர். அப்பாகூட வேறு பேரில் பிறந்தவர்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகே நீமையர் ஆனார்.

அக்கா இல்ஸபைனை அவசர அவசரமாக பார்டோல்ட் ஹாகமானுக்குக் கட்டிவைத்தாள் அம்மா. விருந்தில் பார்டோல்டின் அண்ணன் பீர் கோப்பையோடு எழுந்தான். "காலைல ஹாகமானா எழுந்தான், மத்தியானம் நீமையரா சாப்பிடறான். ராத்திரி யார் பேர்ல குறட்டை விடுவானோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் யோப்ஸ்ட் அண்ணன் ரஷ்யாவிலிருந்து வந்தான். கந்தல் துணி, இருமல். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுத கையோடு, பண்ணையை அவனுக்கே கேட்க மணியக்காரரிடம் ஓடினாள்.

"ஒரு பண்ணைக்கு ஒரு நீமையர்தான்மா. பார்டோல்ட் தானா விலகினா எனக்கொண்ணுமில்ல" என்றுவிட்டார் அவர்.

அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில், எங்கள் எல்லோர் எதிரிலும், அம்மா பார்டோல்டின் காலில் விழுந்தாள். "பேரைத் திருப்பிக் குடுத்துருப்பா."

"எந்திரிங்க அத்தை. எங்க வீட்டுப் பங்கை அண்ணனுக்கு விட்டுட்டுத்தான் இங்க வந்தேன். இதையும் விட்டா உங்க மக நடுத்தெருவுலதான் புள்ள பெறணும்." பார்டோல்ட் அம்மாவைத் தூக்கி நிறுத்தினான். "மச்சான் இங்கயே இருக்கட்டும். குதிரைகளைப் பாத்துக்கட்டும்."

"பொறந்த வீட்டுல வேலைக்காரனாவா? யாருடா நீன்னு கேட்டா என்னன்னு சொல்வான்?"

அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா யோப்ஸ்ட். ஒரு வார்த்தை சொல்லு, இவனை இப்பவே அனுப்பிடறேன்."

அக்கா வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தாள். அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்தான். அம்மா அவன் சட்டைக் கையைப் பற்றினாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். கதவைத் திறந்து, மழையில் இறங்கி, வந்த வழியே நடந்தான்.