வழிமொழிந்தவர்: ஏழாவது வார்டு

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. நானும் அதில் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் பதினோரு வருடம் ஏழாவது வார்டு உறுப்பினர் என் வீட்டுக்காரர். எங்கள் தெருமுனைச் சாக்கடைக்கு மூடி கிடையாது. நான்கு மாதத்துக்கு முன்னால், மழைத்தண்ணீர் தெருவோடு சமமாக நின்ற ஒரு சாயங்காலம், அதில் கால் வைத்தார். அவ்வளவுதான்.

இடைத்தேர்தலுக்கு என் பெயரைக் கொடுத்தது கொழுந்தன். "நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும் அண்ணி" என்றான். அந்தச் சாக்கடைக்கு மூடி போட வைக்க வேண்டும், அதற்காக மட்டும் சரி என்றேன். மற்றபடி அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் மரத்துக் கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி.

பயிற்சி ஒரு மாடி அறையில். ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், எழுதாத மார்க்கர். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எதைச் சொன்னாலும் "இது ஒரு பாயிண்ட்" என்பார். முதல் டீக்குள் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"ஒருத்தர் முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும். வழிமொழிய ஆள் இல்லன்னா தீர்மானம் அங்கேயே படுத்துடும். இது ஒரு பாயிண்ட். பிடிக்கலன்னா 'ஆட்சேபிக்கிறேன்'னு வாயத் தொறந்து சொல்லணும். சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா எழுதிடுவாங்க. இது அதைவிடப் பெரிய பாயிண்ட்."

ஒவ்வொருவராக எழுந்து சொல்லிப் பார்த்தோம். எங்கள் மன்றத்து ஒன்பதாவது வார்டு தையற்காரர் பழைய உறுப்பினர்தான், போன தடவை பயிற்சியைத் தவறவிட்டதால் இப்போது வந்திருந்தார்; ஏலம் போடுகிறவரைப் போலக் கத்தினார். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"சத்தமே வரலையேம்மா" என்றார் பாயிண்ட்.

"வர்றப்ப வரும்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் எங்கள் மன்றத்தின் போன வருடக் கூட்டக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று கோடு போட வேண்டும். நான்காவது பொருள், தெருமுனைச் சாக்கடைக்கு மூடி அமைப்பது. முடிவு: அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர்: ஏழாவது வார்டு.

மூன்று தடவை படித்தேன். பக்கங்களைப் புரட்டினேன். எல்லாத் தீர்மானத்தையும் வழிமொழிந்தது ஏழாவது வார்டுதான்.

தையற்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் கை தூக்கலன்னா தலைவர் முகம் சுருங்கிடும். அண்ணனுக்கு அது தாங்காது, தூக்கிடுவாரு" என்றார்.

எனக்குத் தெரியாதா அந்த மனிதரை? வாசலில் வந்து நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல வராது. எங்கள் வீட்டில் ஒரே குழாய்க்கு மூன்று வடிகட்டிகள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த அன்று, "அடுத்த வருஷம் போட்டுடுவாங்க" என்று மட்டும் சொன்னார். தான் கை தூக்கிய கதையைச் சொல்லவில்லை. நான்கு மாதமாக யாரைத் திட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடிக் கண்டுபிடித்தால் இவர் உட்கார்ந்திருக்கிறார். அப்போதும் அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வாரம் என் முதல் கூட்டம். மூடி விஷயம் வந்ததும் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மழைதான் முடிஞ்சிடுச்சே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு முன்மொழியறேன்."

எல்லாரும் ஏழாவது நாற்காலியைப் பார்த்தார்கள். என்னை இல்லை, நாற்காலியை. பக்கத்தில் எழுத்தரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். வழிமொழிந்தவர்: ஏழாவது வார்டு.

"நான் இன்னும் வாயே தொறக்கலையே?"

"எப்பவும் ஏழாவது வார்டுதாம்மா. கைப்பழக்கம்" என்றார் அவர். அவர் மேல் குற்றமில்லை. தேதி போடுவதைப் போலப் போட்டுவிட்டார்.

"அடிங்க அதை" என்றேன். குரல் கரகரத்தது, ஆனால் வந்துவிட்டது. "ஆட்சேபிக்கிறேன்."

எழுத்தர் அந்த வரியை அடித்தார். தலைவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. பாயிண்ட் சொன்ன மாதிரியே தீர்மானம் படுத்துவிட்டது.

அதே வேகத்தில், "மூடியை இந்த மாசமே போடணும்னு முன்மொழியறேன்" என்றேன்.

"வழிமொழியறது யாரு?" என்றார் தலைவர்.

ஒருவர் காகிதத்தை மடித்தார், ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். யார் எதைச் சொன்னாலும் வழிமொழிகிற ஆள் ஒருவர் இந்த மன்றத்தில் இருந்தார். இருந்திருந்தால் நான் சொல்லி முடிப்பதற்குள் கையைத் தூக்கியிருப்பார். அங்கே, அத்தனை பேர் நடுவில், எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

தையற்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "ஒன்பதாவது வார்டுன்னு போட்டுக்குங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்தர் சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.