சீட்டு மூலையில் ஒரு புள்ளி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுவது நான்தான். ஒன்றாம் அறையில் பெரிய டாக்டர்; வாசலில் எள் போட்டால் எள் விழாது. இரண்டாம் அறையில் புது டாக்டரம்மா ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். இது சரிப்படாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி ஒற்றைப்படை எண் ஒன்றாம் அறைக்கு, இரட்டைப்படை இரண்டாம் அறைக்கு.

நான் கறாரான ஆள். கெஞ்சியவர்களையும் திட்டியவர்களையும் எண் பார்த்து விரட்டினேன். ஆனால் எங்களுக்குள் சொல்லாத ஏற்பாடு ஒன்று இருந்தது. நர்ஸின் சித்தி, மருந்து கொடுப்பவரின் மைத்துனர், காவலாளியின் சம்பந்தி என்றால் எந்த எண்ணானாலும் ஒன்றாம் அறைதான். சீட்டின் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பேன். நம்ம ஆளுக்கு நல்ல டாக்டர், இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை என் அக்கா வந்தாள். நாலு நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, தோள்பட்டை வலிக்கிறது என்றாள். நாற்பத்தெட்டாம் எண். இரண்டாம் அறை பெஞ்சில் இரண்டே பேர். நான் புள்ளி வைத்தேன்.

மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனவள், இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டாள். பெரிய டாக்டர் பழைய நோட்டைப் புரட்டி, வழக்கமான வாயு மாத்திரையையே எழுதியிருந்தார். புதன்கிழமை காலையில் சுருண்டு விழுந்தாள். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டாள், ஆனால் இதயத்தில் பாதி போய்விட்டது, இனி படியேறவே கூடாது என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றாம் அறையில் எழுபத்தொரு பேர், இரண்டாம் அறையில் பத்தொன்பது. இடம் மாறிய இருபத்தாறு பேரும் என் புள்ளிகள். நெஞ்செரிச்சல் என்று வந்த ஒரு பெரியவருக்குக்கூட புது டாக்டரம்மா அன்று இசிஜி எடுத்திருந்தார்.

அக்காவுக்கு நேர்ந்ததையும் புள்ளி விஷயத்தையும் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அன்னிக்கு அவங்க முகத்தயே நான் நிமிந்து பாக்கலம்மா," என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். என்ன நம்பர் வந்தாலும் தங்கச்சி தன்னைப் பெரிய டாக்டரிடம்தான் அனுப்புவாளாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இவங்க பொண்ணும் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வருதாம். பாத்து ஒரு புள்ளி வச்சு விடுடி."

நான் அழுதுவிட்டேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.