பத்தொன்பதாவது நாள் முன்தஸிர் உள்ளே போனான்

இருபத்தெட்டு வாரத்திலேயே பிறந்துவிட்ட என் மகள், இர்பித் நகர ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பத்தொன்பதாவது நாள் எனக்குச் சளி பிடித்தது. பிழிந்தெடுத்த பாலைக் கொடுக்க அந்த வார்டு வாசலுக்குப் போனேன். ஒரே ஒரு தும்மல்தான். சிஸ்டர் ரபாப் கையை நீட்டி மறித்துவிட்டாள்.

"உள்ள வராத, விஜ்தான். சளி போறவரைக்கும் அப்பா வரட்டும். வெறும் நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கட்டும். பிள்ளைக்கு அந்தச் சூடு வேணும்."

அப்பா! என் கணவன் முன்தஸிர் தினமும் வருவான். கண்ணாடி வழியே இரண்டு நிமிஷம் பார்ப்பான். கீழே இறங்கிப் போய்விடுவான்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஃபெரியாலின் போன். "இன்னிக்கு எத்தனை கிராம்?"

"கோழியா விக்கறேன், தினம் தினம் எடை கேக்கறீங்க?"

"கோவப்படாதம்மா. எள்ளு அல்வா தின்னு, பால் நல்லா ஊறும்."

போனை வைத்துவிட்டுக் கீழே போய் முன்தஸிரை இழுத்து வந்தேன். அவன் வாசலில் நின்றதுமே ரபாப் மூக்கைச் சுளித்தாள்.

"சிகரெட் வாடை. குளிச்சு, சட்டையை மாத்திட்டு வாங்க. இந்த நுரையீரல் இதைத் தாங்காது."

நான் வெடித்துவிட்டேன். "மூணு மணிக்கொரு தடவை பால் கறக்கறேன். தையல் போட்ட வயித்தோட படியேறி இறங்கறேன். உன்னால ஒரு சிகரெட்டை விட முடியல?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தொட்டா ஒடஞ்சிடுவாளோன்னு இருக்கு, விஜ்தான். அதான் கீழயே நிக்கறேன்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? போ. குளிச்சிட்டு வா."

போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்து, தலையில் நீர் சொட்டச் சொட்ட வந்தான். மாடி வாசலில் காவலாளி, "பார்வை நேரம் முடிஞ்சுது" என்றார். அவரோடும் ஒரு சண்டை. சத்தம் கேட்டு ரபாப்பே வந்து அவனை அழைத்துப் போனாள்.

நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையைத் திறந்து, என் உள்ளங்கையளவே முதுகுள்ள பிள்ளையை அவன் மார்பின்மேல் குப்புற வைத்தாள். உடனே மெஷின் அலறியது. முன்தஸிர் கல்லாகிவிட்டான். வெளியிலிருந்து நான் கண்ணாடியை அறைந்தேன். ரபாப் நிதானமாகக் குழந்தையின் பாதத்திலிருந்து நழுவிய ஒயரை ஒட்டினாள். சத்தம் அடங்கியது. திரையில் ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றாறு.

கொஞ்ச நேரம் அவன் மூச்சுவிடவே பயந்தான். பிறகு தோள்கள் தளர்ந்தன. பிறகு, நம்புவீர்களா, தூங்கிப்போனான்! பத்தொன்பது நாளாய்க் கண்மூடாத நான் கால்கடுக்க வெளியே நின்று இருமிக்கொண்டிருக்க, அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவன் மூச்சோடு மகளும் ஏறி இறங்கினாள். எண் தொண்ணூற்றெட்டுக்குப் போனது.

தட்டி எழுப்பத்தான் கை துடித்தது. எழுப்பவில்லை.

நாற்பத்தேழாவது நாள் அவளை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அவன் இன்னும் சிகரெட்டை முழுசாக விடவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியல் போடுகிறான்.