நாலு நம்பர்

ஐஸ் பெட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன அண்ணனின் போனை இன்னொரு கையில் வைத்திருந்தான் ராஜவேல்.

"கட்டவெரல வச்சா தொறந்துக்கும் அண்ணி. பேனர் கடைக்காரன் மூணு தடவ கூப்ட்டுட்டான். போட்டோ இல்லாம எப்புடி அடிப்பான்?"

மோகனப்பிரியா புருஷன் தமிழ்வேந்தனின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி அந்த வலது கையைப் பார்த்தாள். லேத்துப் பட்டறையில் இருபது வருஷம் தேய்ந்த கை. ரேஷன் கடை மிஷினே அந்த ரேகையை ஏற்றுக்கொண்டதில்லை. அரிசிக்கு எப்போதும் அவள்தான் போய் விரல் வைக்க வேண்டும். போனைத் தமிழ்வேந்தன் எண் போட்டுத்தான் திறப்பான். இத்தனை கூட்டத்தில் அந்த எண் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான். வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

சேத்தியாத்தோப்பில் டீச்சர் அவள். பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பதும் ஒன்று, விஷத்தைக் கொடுப்பதும் ஒன்று என்று பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசிக் கைதட்டு வாங்குகிறவள். வீட்டிலும் அதே சட்டம். அதில் ஓட்டை போடுவது தமிழ்வேந்தன் வேலை. பத்து வயது மகள் சிந்துஜாவுக்கு எண்ணைச் சொல்லிக்கொடுத்து, அப்பனும் மகளுமாகப் போர்வைக்குள் கேம் ஆடியதைச் செவ்வாய்க்கிழமை கையும் களவுமாகப் பிடித்தாள். அன்றைக்கே எண்ணை மாற்றினாள். "பாப்பாகிட்ட சொன்னீங்க, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அத்தனை நாளும் காற்றில் விட்ட அவள் பேச்சை, பாவி மனிதன், இந்த ஒரு தடவை காப்பாற்றிவிட்டான்.

நேற்றுப் பகலில் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்; காய்ச்சலில் கிடந்த மகளைப் பார்த்துக்கொள்ள அவன் சிதம்பரம் வீட்டில் இருந்தான். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனுக்குப் பேச்சு வரவில்லை. சிந்துஜா அவன் போனில் பழைய எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு தெருவுக்கு ஓடி, பூட்டாத வீடு ஒன்றைக் கண்டுபிடித்து ஆளைக் கூட்டி வருவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்று டாக்டர் பொதுவாகத்தான் சொன்னார். சிந்துஜா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடலைக் கடலூருக்கு, அவன் பிறந்த சோனாங்குப்பத்துக்குக் கொண்டு வந்த வண்டியில் சிந்துஜா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நம்பர் மறந்துபோச்சும்மா." மோகனப்பிரியா மகளின் தலையைத் தடவினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது.

ராஜவேல் அண்ணனின் விரலைப் பிரித்துப் போனில் அழுத்தினான். போன் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. விரலைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். ஒப்பாரி வைத்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"பாப்பா, ஒனக்கு நம்பரு தெரியுமாமே?"

"மறந்துட்டேன் சித்தப்பா."

நர்சிங் படிக்கிற நாத்தனார் மகள் சுவேதா, சிந்துஜாவைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "லாக்ல இருந்தாலும் 108க்குப் போவுமேடி. கீழ எமர்ஜென்சின்னு இருக்கும், அதத் தொட்டா போதும். யாரும் சொல்லித் தரலியா ஒனக்கு?"

பிரியமாகத்தான் கேட்டாள். சிந்துஜா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகு நடுங்குவதை மோகனப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், சொந்தப் பிள்ளைக்கு இந்த ஒன்றைச் சொல்லித் தராமல் போனாள்.

ராஜவேல் இப்போது இடது கையைப் பிடித்தான். அது விறைத்துப்போய் வரவில்லை. பலமாக இழுத்தான்.

"கைய வுடு தம்பி!"

எழுந்து போனைப் பிடுங்கினாள். நாலு எண்ணையும் அழுத்தினாள். திறந்துகொண்டது.

"தெரிஞ்சிக்கினேவா அண்ணி இம்மாம் நேரம்..."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "பாப்பா, நீ மறக்கல. நீ போட்டது சரியான நம்பருதான். நாந்தான் மாத்திட்டேன். செவ்வாக்கெழமையே."

சிந்துஜா மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லக் கூடாதுன்னேன்."

திட்டுவாள், அடிப்பாள், கத்தி அழுவாள் என்று மோகனப்பிரியா காத்திருந்தாள். சிந்துஜா எழுந்து, பெட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சித்தப்பாவை ஒட்டி நின்றாள். ராஜவேல் மூடியை இறக்கி வைத்தான்.

"இந்தாம்மா" என்று பெட்டிக்கு மேலே போனை நீட்டினாள் மோகனப்பிரியா. "அப்பா போட்டோ நல்லதா ஒண்ணு நீயே எடுத்துக் குடு."

சிந்துஜா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீட்டிய கையிலேயே போனின் வெளிச்சம் அணைந்தது.