குழியில் ஊற்றிய பால்

ஹரிக்கா, ஹாஸ்டலிலிருந்து வந்த களைப்பில் நீ தூங்கிவிட்டாய். எழுப்பிச் சொன்னால் அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்டுவிடும். அதனால் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி உன் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். விடிந்ததும் படி. ஆறு மணிக்கு முன்னால் படி.

வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்டிருக்கும் பிளாஸ்டிக் புல்தரையில் சாயங்காலம் விளையாடினாயே, குழியிலிருந்து கோல்ஃப் பந்தை எடுத்து மோந்துவிட்டு, "ஏன்டி சஹானா, பால் நாத்தம் அடிக்குது?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

கோல்ஃப், அமெரிக்காவில் இருந்த இரண்டு வருஷத்தில் அப்பாவுக்குப் பிடித்த பைத்தியம். முதலில் நிஜப் புல்தான் வைத்தார். உப்புக் காற்றில் அது பதினைந்து நாளில் கருகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து ஜெபகுமார் என்கிற மேஸ்திரி, பிளாஸ்டிக் புல்லைப் பாய் மாதிரி சுருட்டி வேனில் கொண்டுவந்தார். அப்பா சிறுசேரி ஆபீசுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு வெயில் ஆகாது. எனக்குப் பரீட்சை முடிந்திருந்தது, அதனால் மேற்பார்வை நான்.

அரை அடி ஆழத்துக்கு மணலை அள்ளிவிட்டு, கிரஷரில் உடைத்த கருங்கல் தூள் கொட்டி, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல்தான் புல். இரண்டாம் நாள் மதில் ஓரத்தில் ஓர் ஆளின் மண்வெட்டி எதிலோ மாட்டியது. மஞ்சள் துணியில் சுற்றிய மூட்டை. நான்தான் பிரித்தேன். உள்ளே நீல நிற ஸ்கூல் பினஃபோர், அழகாக மடித்தது. மார்பில் ஊக்கால் குத்திய கர்சீப். குங்குமம். காய்ந்த பூ.

"பாப்பா, தொடாத! யாரோ உங்க வூட்டுக்குச் செய்வினை செஞ்சி வெச்சிகிறாங்க," என்றார் ஜெபகுமார். "நான் கர்த்தர நம்புறவன். ஆனாலும் இத்தக் கையால தொட மாட்டேன்."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா வேலைய நிறுத்திடுவாங்க. பூஜை, பரிகாரம்னு பத்து நாளு பூடும். பேஜாரு. கொளுத்திடு, அத்தோட தீந்துச்சி."

சவுக்குச் சருகைக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, நானேதான் கொளுத்தினேன். சாம்பலில் அந்த ஊக்கு மட்டும் கருத்துக் கிடந்தது. எதற்காக எடுத்தேனோ, என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்தேன்.

மூட்டை இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. "குழி ரெடியா கீது பாப்பா. இங்கியே கப்ப எறக்கிடலாமா?" என்று ஜெபகுமார் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். பந்து விழுகிற குழி அங்கேதான் வந்தது.

அந்த வாரம் முழுக்க சொர்ணக்கா வேலைக்கு வரவில்லை. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளே, பக்கத்துக் குப்பத்திலிருந்து வருவாளே, அவள்தான். தங்கைக்குப் பிரசவம் என்று அச்சரப்பாக்கம் போயிருந்தாள். திரும்பி வந்தவள் புல்தரையைப் பார்த்ததும் கையில் துடைப்பத்தோடு மதிலில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலை சுத்துது என்று சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் பந்தில் முதல் தடவை பால் நாற்றம் அடித்தது. பேய்தான் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சொர்ணக்கா குழிக்குள் அரை டம்ளர் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?" என்று ஓடினேன்.

"கத்தாத பாப்பா. எம்பொண்ணுக்கு ஊத்துறேன்."

அவள் பெண் பெயர் சுவேதா. பெரிய அலை வந்த அன்று இங்கே வீடு கிடையாது, சவுக்குத் தோப்பு. சுவேதா தோப்பில் விளையாடிக்கொண்டிருந்தாளாம். உடம்பு கிடைக்கவே இல்லை.

"வூடும் பூடிச்சி. ஓரம் பிரிக்கச் சொல்லி டைலர்கிட்ட குடுத்த யூனிபாரம் மட்டுந்தான் மிஞ்சிச்சி. அத்த இங்கயே பொதச்சி, அவளையே பொதச்சதா நெனச்சிக்கினேன். அப்பால மதிலு வந்துச்சி, நீங்க வந்தீங்கோ. உள்ள வரணும்னுதான் உங்க வூட்ல வேலைக்கிச் சேந்தேன்." டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். "ஆனா இப்பல்லாம் கனவுல வந்து அழுவுறா பாப்பா. எரியுதும்மா, எரியுதும்மான்றா. பிளாஸ்டிக் ஆச்சே, வெயில்ல அடுப்பாட்டம் காயுது. அதான்னு நெனக்கிறேன். நீ நின்னுகினுதான இருந்த? மூட்டைய யாரும் தொடலியே?"

"தொடலக்கா. மேலாகத்தான் சுரண்டுனாங்க."

அப்படித்தான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் என் தலையில் கை வைத்து, "நா இல்லாதப்ப நீ பாத்துக்கோ அவள," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் உச்சி வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி வந்து குழியைச் சுற்றி ஊற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தபோதும் ஊற்றினாள். அப்பா அவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, "சொர்ணம், அது பிளாஸ்டிக்கும்மா! எவ்வளவு ஊத்தினாலும் வளராது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வளராட்டி போவுது சார், வெந்து பூடக் கூடாதுல்ல," என்று சொர்ணக்காவும் சிரித்தாள்.

நான் மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். இன்று மத்தியானம், நீ வருவதற்கு முன்னால், வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம்மாந் தண்ணி ஊத்தினாலும் அடங்க மாட்டேங்குது பாப்பா. நேத்து வந்தா. நெஞ்சில கைய வெச்சிகினு, இங்க சூடா குத்துதும்மான்றா."

ஹரிக்கா, ஊக்கு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ தூங்கியதும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் போனேன். குழியில் போட்டுவிட்டால் அவளிடம் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். கடல் காற்றில் புல் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. குழிக்குப் பக்கத்தில், ஒரு முழம் அகலத்துக்கு மட்டும், அடுப்பு மேடை மாதிரி சுட்டது. இடது காலை வைத்ததும் தெரிந்தது. ஊக்கோடு கையைக் குழிக்கு மேல் நீட்டிவிட்டேன். ஆனால் போட முடியவில்லை. போட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். சொர்ணக்கா நாளைக்கும் வாளி தூக்குவாள். நாளை மறுநாளும்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குப் பாலோடு வருவாள். அவள் ஊற்றுவதற்கு முன்னால் ஊக்கை அவள் கையில் கொடுத்து, நான்தான் கொளுத்தினேன் என்று சொல்லப் போகிறேன். அடித்தால் அடிக்கட்டும். நீ தடுக்காதே, பக்கத்தில் மட்டும் நில்.

அதற்கு முன்னால் என் இடது உள்ளங்காலைத் தொட்டுப் பார். இரண்டு தடவை கழுவிவிட்டேன். இன்னும் சுடுகிறது.